கடனா, தர்மமா?

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, எங்கள் ஆலய இளைஞர் பகுதியிலிருந்து உணவுக் கூடை கொடுக்கப் போயிருந்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய், முறுக்கு மாவு. பட்டியலில் பதினாறு வீடு. பதினோராவது வீடு ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது. மூச்சு வாங்க ஏறிப் போய்க் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்த அக்கா கூடையை வாங்கிக்கொண்டு கும்பிட்டார். வழக்கம்போல் போட்டோ எடுத்தோம். கிளம்பும் நேரத்தில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, யூனிவர்சிட்டியில படிக்கிறீங்களா? அரிசியை எப்படியாவது சமாளிச்சிடுவேன். இவனுக்கு நாலு எழுத்து சொல்லிக் கொடுக்க யாராவது வருவாங்களா?”

‘இவன்’ என்று அவர் காட்டிய பிள்ளைக்கு அப்போது பதினோரு வயது. சக்கர நாற்காலியில் இருந்தான். பேச்சு வராது. இடது கையை மட்டும் ஓரளவு அசைப்பான். ஒரு நாளில் நாலைந்து தடவை வலிப்பு வரும். பள்ளியில் சேர்த்து, ‘பார்க்கலாம்’ என்று சில வாரம் வைத்திருந்தார்களாம். பிறகு, “வீட்டிலேயே வெச்சுப் பார்த்துக்குங்க, அதுதான் அவனுக்கு நல்லது” என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு அவன் படிப்பு முடிந்தது.

நான் ஏழு சனிக்கிழமை போனேன். படிப்பது பொறியியல் என்பதால், பழைய பிளாஸ்டிக் டப்பாவில் பெரிய பட்டன் இரண்டைப் பொருத்தி, பச்சை என்றால் ‘ஆமா’, சிவப்பு என்றால் ‘இல்ல’ என்று விளக்கு எரிகிற மாதிரி செய்து கொடுத்தேன். முதல் மூன்று வாரம் அவனுக்கு அது விளையாட்டுச் சாமான். ஆறாவது வாரம், எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, “இது உன் பேரோட முதல் எழுத்தா?” என்று கேட்டேன். நாலு தடவை சிவப்பை அழுத்தினான். ஐந்தாவது அட்டைக்குப் பச்சை. சரியான எழுத்து. அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

எட்டாவது வாரம் எனக்கு இறுதித் தேர்வு. அது முடிந்ததும் வேறு மாநிலத்தில் தொழிற்பயிற்சி. “வர முடியலக்கா” என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: “பரவாயில்ல தம்பி. நல்லா படிங்க. சனிக்கிழமை காலையில கதவையே பார்த்துக்கிட்டு இருக்கான், அதான்.”

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: ‘நான் செய்தது ஒரு தர்மம். முடிஞ்ச வரைக்கும் செய்தேன். நிறுத்தினா தப்பில்லை.’ அந்தச் சமாதானம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று தர்மம். சமய வகுப்பில் இதற்கு அறம், செய்தே ஆக வேண்டியது என்று பொருள் படித்தோம். ஆனால் பேச்சில் ‘தர்மம் பண்ணுங்க’ என்றால் பிச்சை. கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் யாரும் கேட்க முடியாது. இன்னொன்று கடன். பி.டி.பி.டி.என். வாங்கியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம்! ஆனால் காலைக்கடன், நேர்த்திக்கடன் என்று சொல்லும்போது இதே சொல் கடமையைக் குறிக்கிறது. அப்பர் பெருமான் தன் கடன் எது என்று பாடியதை நாம் எல்லாரும் தேவார வகுப்பில் படித்திருக்கிறோம். அங்கேயும் இதே சொல்தான். கடன் என்றால் கொடுக்க வேண்டியவனுக்கு வசதிப்பட்டபோது கொடுப்பது கிடையாது. வாங்க வேண்டியவன் வந்து கேட்கலாம். கேட்பதில் அவனுக்கு வெட்கமும் தேவையில்லை.

அப்படியானால் கேள்வி இது. பள்ளிக்கு வர முடியாத ஒரு பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது தர்மமா, கடனா? கடன் என்றால், யாருடைய கடன்?

முதலில் நம் நாட்டைப் பார்ப்போம். 2002-இல் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, 2003 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதாவது பெற்றோரின் கடன் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அரசின் கடன்? 1996 கல்விச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, கல்வி அமைச்சர் சிறப்புக் கல்வியைச் சிறப்புப் பள்ளிகளிலோ, அவர் தகுந்தது என்று கருதும் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளிலோ வழங்க வேண்டும் என்கிறது. கடமை இருக்கிறது. ஆனால் அது பள்ளிக் கட்டடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளை கேட்டுக்கு வெளியே போய்விட்டால், கடமை அவன் பின்னால் நாலாவது மாடிக்கு ஏறி வருவதில்லை.

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டிக் கல்வியிலிருந்து யாரையும் விலக்கக்கூடாது என்கிறது. நல்ல வரிதான். ஆனால் விலக்கினால் என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்வதில்லை. நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ, செய்யாமல் விட்டதற்கோ அரசின்மீது வழக்குப் போட முடியாதபடி அதே சட்டத்தில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 2019-இல் ‘ஸீரோ ரிஜெக்ட்’ கொள்கை வந்தது. எந்தச் சிறப்புத் தேவைப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அதன் நோக்கம். அதனால் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது, அதை மறுக்கக்கூடாது. 2011 முதல் சில அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே பள்ளி நடக்கிறது. படுக்கையில் இருக்கும் பிள்ளையிடம் ஆசிரியர் போகிறார். ஆக, பள்ளி பிள்ளையைத் தேடிப் போவது நம் நாட்டில் நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. மருத்துவமனை வரை போகும் ஆசிரியர் ஏன் வீடு வரை போகக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்த ஒரு நாடு இங்கிலாந்து. அங்கே கல்வியில் உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பெரிய பொறுப்பு உண்டு. நம் ஊர் நகராண்மைக் கழகம் மாதிரி குப்பை, சாக்கடை, லைசென்ஸ் மட்டும் கிடையாது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அந்த மன்றங்களுக்குச் சொல்வது இது: நோயாலோ, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதாலோ, வேறு எந்தக் காரணத்தாலோ ஒரு பிள்ளைக்குத் தகுந்த கல்வி கிடைக்காமல் போகுமானால், பள்ளியிலோ பள்ளிக்கு வெளியிலோ அதற்கு நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். ‘தகுந்த’ என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் வயது, திறமை, நாட்டம், சிறப்புத் தேவை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும். பிள்ளை எங்கே போனாலும் கடன் கூடவே போகிறது.

அந்தக் கடன் உண்மையிலேயே கடன்தானா என்று ஒரு வழக்கில் சோதித்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் சஸெக்ஸ் என்ற வட்டாரத்தில் ஒரு சிறுமிக்கு எம்.ஈ. என்ற நோய். உடம்பைப் படுக்கையில் தள்ளிவிடும் கடுமையான சோர்வு நோய் அது. பள்ளிக்குப் போக முடியாததால், மன்றம் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் வீட்டுக்கு ஆசிரியரை அனுப்பியது. 1996-இல் பணம் பற்றவில்லை என்று சொல்லி அதை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. குடும்பம் வழக்குப் போட்டது. 1998-இல் வழக்கு, அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. தீர்ப்பு சிறுமியின் பக்கம். எது தகுந்த கல்வி என்பதைப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், மன்றத்தின் பணப்பையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அப்படிச் செய்ய விட்டால், சட்டம் வைத்த கடமை ‘இஷ்டமிருந்தால் செய்’ என்ற அதிகாரமாக இறங்கிவிடும். தீர்ப்பின் சாரம் இதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒரு பாலம் கட்டும்போது முதலில் கேட்பது, இதன்மேல் எவ்வளவு எடை வரும் என்பது. பட்ஜெட் குறைவு என்பதற்காக, “இந்தப் பாலத்தில் லாரி வராது என்று வைத்துக்கொள்வோம்” என்று எழுத முடியுமா? எடை எடைதான். அதைத் தாங்கும் மூன்று வடிவமைப்பு இருந்தால், விலை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். அது நியாயமான சிக்கனம். அந்தத் தீர்ப்பும் அதையே சொல்கிறது. தகுந்த வழிகள் பல இருந்தால், மன்றம் செலவு குறைந்த வழியில் போகலாம். தகுதியையே குறைக்கக்கூடாது.

சட்டம் இருப்பதால் இங்கிலாந்தில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் மன்றங்கள் தவறுகின்றன. பெற்றோர் தீர்ப்பாயத்துக்கும் குறைகேள் அதிகாரியிடமும் அலைகிறார்கள். ஆனால் அலைவதற்கு ஒரு கதவு இருக்கிறது. ‘எனக்கு உதவி செய்யுங்கள்’ என்று அவர்கள் போய் நிற்பதில்லை. ‘என் பிள்ளைக்குச் சேர வேண்டியது எங்கே’ என்று கேட்கிறார்கள்.

இதையெல்லாம் நண்பர்களிடம் பேசியபோது மூன்று எதிர்ப்புகள் வந்தன. மூன்றுமே நம்மிடையே சாதாரணமாகக் கேட்கும் பேச்சுதான், அதனால் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் எதிர்ப்பு: “அவன் படிச்சு என்னடா பண்ணப் போறான்?” கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் இதற்கு ஒரு பழைய நியாயம் உண்டு. புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் ஒரு பட்டியல் போடுகிறார். பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன், நல்வழி காட்டுவது வேந்தனின் கடன். கடைசியில் பிள்ளைக்கும் ஒரு கடன் இருக்கிறது, போர்க்களத்தில் யானையை வீழ்த்தித் திரும்புவது. ஒரு பிள்ளையை ஆளாக்குவது தாய்க்கு மட்டும் உரிய வேலை இல்லை, அரசனுக்கும் ஊர்க் கொல்லனுக்கும்கூட அதில் பங்குண்டு என்று அந்தக் காலத்திலேயே சொன்னது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் யானையை வீழ்த்த முடியாத பிள்ளையை என்ன செய்வது? மற்ற நான்கு கடனும் தள்ளுபடியா?

அரசுகள் ரொம்ப காலம் ‘ஆமாம், தள்ளுபடி’ என்றுதான் நடந்துகொண்டன. இங்கிலாந்திலேயே 1971 ஏப்ரல் வரை, கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகள் ‘கல்வி பெற இயலாதவர்கள்’ என்று ஒதுக்கப்பட்டுச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருந்தார்கள். 1970-இல் வந்த சட்டம்தான் அந்த வகையையே ஒழித்து, எல்லாப் பிள்ளைகளையும் கல்வித் துறையிடம் ஒப்படைத்தது. நம் நாட்டில் 1997-இல் வந்த சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவி இல்லாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிற பிள்ளையைத்தான் ‘கல்வி பெறக்கூடியவன்’ என்று கணக்கிட்டன. 2013-இல் வேறு விதிகள் வந்துவிட்டன. ஆனால் பழைய நினைப்பு மறையவில்லை. “வீட்டிலேயே வெச்சுக்குங்க” என்று சொல்லும்போது அந்த நினைப்புதான் பேசுகிறது.

என் பதில் இது. திருப்பிக் கொடுப்பான் என்ற நம்பிக்கையில் கொடுப்பது முதலீடு. பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது முதலீடு என்றால், லாபம் வராத பிள்ளையை விட்டுவிடலாம். ஆனால் நம்மில் யாரும் நம் வீட்டுப் பிள்ளையை அப்படி நினைப்பதில்லை. தன் பெயரின் முதல் எழுத்தைத் தெரிந்துகொண்ட அந்தப் பையன் அதை வைத்துச் சம்பாதிக்கப் போவதில்லை. ஆனால் ‘ஆமா’, ‘இல்ல’ என்று சொல்லத் தெரிந்ததால், இப்போது வலிக்கிறதா என்று அம்மா கேட்டால் பதில் சொல்கிறான். பதினோரு வருஷம் அவர் ஊகித்துக்கொண்டிருந்த விஷயம் அது. இதைவிடப் பயனுள்ள படிப்பை நான் என் யூனிவர்சிட்டியில் படித்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு: “அது அவன் கர்மா.” சமய இயக்கத்தில் இருக்கும் நாம் இதை மெதுவாகப் பேசக் கூடாது, நேராகவே பேச வேண்டும். கர்மாவை நான் நம்புகிறேன். ஆனால் அது அவன் ஏன் அப்படிப் பிறந்தான் என்பதற்கு ஒரு விளக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், அவன் முன்னால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விளக்கம் ஆகாது. அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த சனிக்கிழமைகள் அவன் கணக்கில் எழுதப்படுமா, என் கணக்கில் எழுதப்படுமா? வினைக்கொள்கை உண்மை என்றால், கைகட்டி நின்றதும் ஒரு வினைதானே.

மூன்றாவது எதிர்ப்புதான் கொஞ்சம் கனமானது: “எல்லாத்தையும் கவர்மெண்டு செய்யணும்னா நாம எதுக்கு இருக்கோம்? நாமே செய்யலாமே.” நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் ஏழு சனிக்கிழமைதான் இதற்குப் பதில். எனக்கு அன்பு இருந்தது. எட்டாவது வாரம் தேர்வு வந்ததும் அன்பு பஸ் ஏறிப் போய்விட்டது. ஒரு பிள்ளையின் படிப்பை என் செமஸ்டர் அட்டவணைமேல் வைக்க முடியாது. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பள்ளிக்கு இன்னொருவர் வருவார். தொண்டன் போனால் அந்த நாற்காலி காலி. அதனால்தான் கடன் ஒரு நிலையான அமைப்பின்மேல் இருக்க வேண்டும். தொண்டு அதற்குத் துணையாக இருக்கலாம், பதிலாக இருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டுக்கு ஆசிரியர் வருவார் என்று ஏற்பாடு செய்துவிட்டால், தொல்லை தரும் பிள்ளைகளையெல்லாம் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட அதுவே வழியாகிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டு பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தின் 61-ஆம் பிரிவு இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. சிறப்புக் கல்வியைப் பள்ளியில் கொடுப்பது பொருத்தமாக இருக்காது என்று மன்றம் உறுதியாகக் கண்டால்தான் வெளியில் கொடுக்கலாம். முதலில் பள்ளி, அதுவே முடியாதபோது வீடு. அந்த அக்கா வீட்டுக் கதையிலும் முதலில் கேட்க வேண்டியிருந்தது இதுதான்: பையனால் பள்ளிக்கு வர முடியவில்லையா? இல்லை, வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் ஆள் இல்லையா? இரண்டும் வேறு வேறு. இரண்டாவதுதான் காரணம் என்றால், சரிசெய்ய வேண்டியது பள்ளியை.

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபோது, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. 2019-இல் தொடக்கப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் முதல் அவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள். ‘விலக்கு’ என்பது கேட்கச் சலுகை மாதிரி இருக்கும். கல்வியிலிருந்து கிடைக்கும் விலக்கு யாருக்குச் சலுகை?

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, டீ குடிங்க” என்றார். பையன் என்னைப் பார்த்ததும் சிவப்புப் பட்டனை அழுத்தினான். மறுபடி மறுபடி அழுத்தினான். அக்கா சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நாங்கள் நாலு பேர் முறை போட்டுக்கொண்டு போகிறோம், ஒருவருக்குத் தேர்வு என்றால் இன்னொருவர். அதோடு இன்னொரு வேலையும் செய்தோம். அக்காவோடு உட்கார்ந்து, மருத்துவர் கடிதத்தையும் ஓ.கே.யு. அட்டையின் நகலையும் இணைத்து, மாவட்டக் கல்வி இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். அதில் உதவி கேட்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டோம். இந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் பதிவில் இருக்கிறான்? அவன் பள்ளிக்கு வர என்ன ஏற்பாடு செய்ய முடியும்? அது முடியாது என்றால், அவனுக்கான கல்வி எப்படிக் கொடுக்கப்படும்? பதிலை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறோம். இந்தக் கட்டுரை எழுதும் வரை பதில் வரவில்லை. அடுத்த மாதம் நேரில் போகிறோம், அக்கா தனியாகப் போக மாட்டார்.

இந்தத் தீபாவளிக்கும் உங்கள் வட்டாரத்தில் உணவுக் கூடை கொடுப்பீர்கள். பட்டியலில் வீட்டு எண், குடும்பத்தில் எத்தனை பேர், தொலைபேசி எண் என்று கட்டங்கள் இருக்கும். அதோடு இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘இந்த வீட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருக்கிறதா?’ இருந்தால், கூடையைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள்.